உப்புத் தண்ணீரில் கழுவிய பிலிம்

புதுச்சேரி உப்பளம் பகுதியில் பிலிம் கழுவ உட்கார்ந்தால் முதல் தொல்லை தண்ணீர்தான். டி-76 டெவலப்பர் 20 டிகிரிச் சூட்டில் வேலை செய்யவென்று வடித்த மருந்து. சித்திரை, வைகாசியில் எங்கள் வீட்டுத் தொட்டித் தண்ணீர் 30க்குக் கீழே இறங்காது. அந்தச் சூட்டில் மருந்து தறிகெட்டு ஓடும். நெகட்டிவ் கருத்துப்போகும்; பிலிம்மேல் பூசிய ஜெலட்டின் ஊறி இளகிவிடும். அதனால் மீன் கூடைகளுக்கு ஐஸ் உடைக்கிற இடத்தில் ஒரு துண்டு வாங்கிக் கோணிப்பையில் சுற்றிக்கொண்டு வருவேன். பெரிய பாத்திரத்தில் ஐஸ், அதன் நடுவில் டெவலப்பிங் டேங்க், பக்கத்தில் தெர்மாமீட்டர். 24க்கு இறங்கினால் போதும். நேரத்தைக் குறைத்துச் சமாளித்துவிடலாம்.

அடுத்தது கிணற்றுத் தண்ணீர். கடலை ஒட்டிய மண், வாயில் வைத்தாலே கரிக்கும். இந்தத் தண்ணீரில் கழுவினால் படம் உருப்படுமா என்று நான் மலைத்து நின்றபோது வழி சொன்னவர் மாமா. பிரெஞ்சுக் கப்பற்படையில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்டவர்களைச் 'சொல்தா' என்பார்கள்.

"உப்புத் தண்ணின்னா பயப்படாதடா. ஹைப்போவ அதுதான் சீக்கிரம் கழட்டும். கடைசியா ஒரே ஒரு வாட்டி மட்டும் நல்ல தண்ணில அலசிப் போடு" என்றார்.

அவர் சொன்னது ரசாயனப்படி சரி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல்களில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு. கடல் நீரில் பிலிமை அலசிப் பார்த்தபோது, படத்தை நிலைநிறுத்தும் மருந்தான ஹைப்போ வழக்கத்தைவிட விரைவாக வெளியேறியது. பிறகு உப்பு போக நல்ல தண்ணீரில் ஒரு முறை கழுவினால் தீர்ந்தது. இருட்டறைக்காரர்கள் இன்றும் வாங்குகிற ஹைப்போ நீக்கும் உப்புக் கரைசல் அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான். உப்பளத்துக் கிணறு எனக்கு அதை இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

என் முதல் கேமரா ஆக்ஃபா கிளிக் 3. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். வெயில், மேகம் என்று இரண்டே அடையாளங்கள். அதற்குமேல் யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. பிறகு மாமாவின் ஃபோக்கா ஸ்போர்ட் கைக்கு வந்தது. போருக்குப் பிறகு பிரான்ஸில் செய்த 35 எம்எம் கேமரா. உள்ளங்கைக்குள் அடங்கும், இரும்புபோல் கனக்கும். லைட் மீட்டர் கிடையாது. வெயிலில் துவாரம் 16, ஷட்டர் வேகம் பிலிமின் வேகத்துக்குப் பக்கத்து எண். மேகம் வந்தால் 8. திண்ணை நிழலுக்கு 4. அந்தக் கணக்குப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி எனக்குள் இறங்கிவிட்டது. 80களில் பென்டாக்ஸ் கே1000 வாங்கினேன். மீட்டர் முள் அதில் இருந்தாலும், முள்ளைப் பார்க்கும் முன்பே விரல் வளையத்தைத் திருப்பியிருக்கும்.

பிலிம் பெரும்பாலும் 'இந்து'. இன்றைய பிள்ளைகளிடம் நம் ஊரிலேயே பிலிம் செய்தார்கள் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஊட்டியில் 1960ல் அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், பிரான்ஸின் போஷே கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1967ல் உற்பத்தியில் இறங்கியது. தூசி குறைவு, குளிர் அதிகம் என்பதால் மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். கறுப்பு வெள்ளை பிலிம், புரோமைட் தாள், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தன. அந்த ஆலை நலிந்து மூடப்பட்டதை நான் ஒரு தொழிற்சாலைச் செய்தியாக மட்டும் படிக்கவில்லை. தென்னிந்தியாவின் எத்தனை கல்யாணங்கள், எத்தனை பள்ளி குரூப் போட்டோக்கள் அந்த ஜெலட்டினில் பதிந்திருக்கின்றன! அந்த ஆலைக்கு ஒரு சின்ன அருங்காட்சியகமாவது வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்த நாட்களில் என் ஞாயிற்றுக்கிழமை நடை வீட்டில் தொடங்கி அம்பேத்கர் சாலை வழியாகப் பழைய துறைமுகத்துக்குப் போகும், அங்கிருந்து வம்பாகீரப்பாளையம். திரும்பும் வழியில், 1826ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய தாவரவியல் பூங்கா. தூரம் அதிகமில்லை, ஆனால் 36 படம் கொண்ட ஒரு ரோல் அந்த நடைக்கு ஒரு மாதம் வந்தது. ஒரு படத்துக்குமுன் பத்து நிமிடம் நிற்பது சாதாரணம். படகுக்காரர்களுக்கு என்மேல் இரக்கமே வந்துவிடும். "எடுத்துட்டியா தம்பி, இல்ல இன்னும் நிக்கணுமா?" என்பார்கள்.

சாயங்காலங்களில் முதலியார்பேட்டைப் பக்கம் போவேன். 1898ல் தொடங்கிய ரோடியர் மில் அங்கே இருந்தது. பின்னாளில் ஏ.எஃப்.டி. ஆன பிறகும் பெரியவர்கள் வாயில் ரோடியர்தான். ஷிப்ட் விடும் நேரம் சங்கு ஊதியதும் வாசலிலிருந்து சைக்கிள்கள் ஆறுபோல் புறப்படும். 1936 ஜூலை 30 அன்று, ஊரின் இன்னொரு ஆலையான சவானாவில் பிரெஞ்சுக் காவல்படை சுட்டுப் பன்னிரண்டு தொழிலாளர்கள் மாண்டார்கள். எட்டு மணி நேர வேலைக்காக நடந்த போராட்டம் அது. அந்தப் பரம்பரையில் வந்தவர்களின் நடையில் ஒரு மிடுக்கு இருந்தது. அதற்காகத்தான் அங்கே போய் நிற்பேன்.

பிறகு கலர் வந்தது, நேரு வீதி லேப் வந்தது, இருட்டறைப் பழக்கம் நின்றது. கல்யாணம், வேலை, மாற்றல். 2000க்குப் பிறகு லேப்கள் ஒவ்வொன்றாக பிளக்ஸ் பேனர் அடிக்கத் தொடங்கின. கறுப்பு வெள்ளை ரோல் கேட்டால் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். கே1000 பீரோவுக்குள் போனது. வீட்டில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கினோம். பிள்ளைகளின் பிறந்தநாள், கோவில், ஏற்காடு எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சேர்ந்தன.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையேறியது. எங்கள் மாடி ஷீட் பறந்து, பீரோ இருந்த அறைக்குள் மழை நேரே இறங்கியது. ஆல்பங்கள் ஊறி, படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டன. நெகட்டிவ்கள் பிஸ்கட் டின்னில் மூழ்கிக் கிடந்தன. அவற்றை உலரவிடக் கூடாது, உலர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். பக்கெட்டில் நல்ல தண்ணீர் நிறைத்து அதிலேயே மிதக்கவிட்டு, ஒவ்வொரு பட்டையாகப் பிரித்து அலசி, துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டினோம். கரண்ட் இல்லாத அந்த நாட்களில் வீடு முழுக்க நெகட்டிவ் தோரணம். ஏறக்குறைய எல்லாம் பிழைத்தன. கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் பிழைக்கவில்லை. பிள்ளைகளின் ஏழு வயது, எட்டு வயது அதோடு போயிற்று. என் மனைவி இன்றும் அந்த வருடங்களைப் பற்றிப் பேசும்போது குரல் மாறுகிறது.

கேமராவை மறுபடி கையில் எடுக்க வைத்தது பாலம். புதுச்சேரிக்கு முதலில் 1866ல் கட்டிய இரும்புக் கடல் பாலம் இருந்தது. 1952 புயல் அதைத் தின்றது. அதற்குப் பதிலாகத் தெற்கே வம்பாகீரப்பாளையத்தில் எழுந்ததுதான் எங்கள் கான்கிரீட் பாலம். சரக்கு போக்குவரத்து ஓய்ந்த பிறகு தூண்டில்காரர்களுக்கும் காதலர்களுக்கும் சினிமாக்காரர்களுக்கும் சொந்தமானது. 2022 மார்ச்சில், வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் இருந்த நாட்களில், அலை அடித்து அடித்து அதன் ஒரு பகுதி கடலுக்குள் விழுந்தது. அன்று ஊரே செல்போனில் உடைந்த பாலத்தை எடுத்தது. சாயங்காலம் என் மகள் கேட்டாள்: "அப்பா, முழுசா இருந்தப்ப எடுத்தது உங்ககிட்ட இருக்கா?"

டின்னைத் திறந்தேன். மூக்கில் அடித்தது வினிகர் நெடி. அசிடேட் பிலிம் வயதானால், அதிலும் நம் ஊர்ச் சூட்டிலும் ஈரக்காற்றிலும், தானே சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடும். ஒன்று கெட்டால் அந்த ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். சுருங்கும், வளையும், கடைசியில் படம் தாங்கும் படலமே உரிந்து வரும். மருந்து கிடையாது, நெடி வந்ததைப் பிரித்துத் தனியே வைத்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் டிஜிட்டலாக நகல் எடுப்பது ஒன்றுதான் வழி. ஆக, நான் மறுபடி டிஜிட்டல் கேமரா வாங்கியதே பழைய பிலிமைக் காப்பாற்றத்தான். செகண்ட்ஹேண்டில் ஒரு மிரர்லெஸ் பாடி, ஒரு மேக்ரோ லென்ஸ், எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி ஒரு லைட் பலகை. நெகட்டிவைப் பலகைமேல் படியவைத்து மேலிருந்து படம் எடுத்து, கம்ப்யூட்டரில் கறுப்பை வெள்ளையாகப் புரட்ட வேண்டும்.

இங்கேதான் நான் எதிர்பார்க்காத சந்தோஷம் கிடைத்தது. என் என்லார்ஜரில் போட்ட பிரிண்ட் போஸ்ட் கார்டைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதே நெகட்டிவை இப்போது திரை நிறைய விரித்துப் பார்க்கிறேன். ரோடியர் மில் வாசல், ஷிப்ட் விட்ட நேரம். முன்னால் வருகிறவரின் ஹேண்டில்பாரில் மூன்றடுக்கு டிபன் கேரியர். நடு அடுக்கின் பிடி போய்க் கம்பியால் கட்டியிருக்கிறது. அவர் தலைமுடியில் பஞ்சுத் துகள். பின்னால் ஒருவர் சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டு வருகிறார், பின் டயரில் காற்றில்லை. ஓரத்தில் ஒரு அம்மா தட்டுக்கூடையில் வேர்க்கடலை வைத்துக்கொண்டு யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் வாய் திறந்திருக்கிறாள். இவ்வளவும் அந்தப் பிலிமில் அன்றே இருந்தன. பார்க்கிற கருவி இப்போதுதான் வந்தது. 'டிஜிட்டல் வந்து போட்டோகிராபி செத்துப்போச்சு' என்று என் வயதுக்காரர்கள் சொல்லும்போது எனக்குக் கோபமே வருகிறது. என் பிலிமுக்கு உயிர் கொடுத்தது டிஜிட்டல்தான்.

பிறகு நடையையும் தொடங்கினேன். கே1000-ன் 50 எம்எம் லென்ஸைச் சென்னையில் ஒரு ரிப்பேர்காரரிடம் கொடுத்துப் பூஞ்சை துடைத்து, அடாப்டர் வளையத்தோடு புது பாடியில் மாட்டினேன். சென்சார் சின்னது என்பதால் அந்த லென்ஸ் இப்போது 75 எம்எம் மாதிரி பார்க்கிறது. ஓரடி பின்னால் நிற்கப் பழகினேன். வெளிச்சக் கணக்கோ தலைகீழ். நெகட்டிவ் பிலிமுக்கு வெளிச்சம் கொஞ்சம் கூடினால் பாதகமில்லை, குறைந்தால்தான் நிழல் வெறுமையாகிவிடும். அதனால் நிழலைப் பார்த்து அளந்தோம். சென்சாருக்கு வெளிச்சம் கூடினால் அந்த இடம் வெறும் வெள்ளைத் தாள், எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நிழலிலோ எவ்வளவோ ஒளித்து வைத்திருக்கும். உச்சி வெயிலில் வெள்ளைச் சுவருக்குமுன் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் நின்றால், வேட்டியின் மடிப்பு கெடாமல் அளந்துகொண்டு, முகத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் வெளிச்சப்படுத்த வேண்டும்.

முகம் என்றதும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. கலர் லேப் காலத்தில் எங்கள் ஊர் முகங்கள் சரியாக வந்ததே இல்லை. கோடாக் அந்த நாளில் லேப்களுக்கு வண்ணம் சரிபார்க்கவென்று அனுப்பிய மாதிரிப் படத்தில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அவர் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி. மீன் விற்கும் அம்மாவின் முகம் அந்த மெஷினில் ஒன்று சாம்பலாக வரும், இல்லாவிட்டால் கரிக்கட்டியாக வரும். ஸ்டுடியோக்காரர்கள் பென்சிலால் நெகட்டிவைத் தொட்டு வெளுக்க வைத்துத் தருவார்கள். நாங்களும் நன்றாயிருக்கிறது என்று பணம் கொடுத்தோம். இப்போது தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்குமுன், படகிலிருந்து கூடை இறங்கும்போது, டியூப்லைட் வெளிச்சத்தில் எடுக்கிறேன். அந்தக் கறுப்பில் நீலமும் செம்பும் கலந்து மினுங்குவது திரையில் தெரிகிறது. ஒரு முகத்தின் நிறத்தை யாரும் தீர்மானித்து அனுப்பவில்லை. நானே எதிரில் நின்று பார்த்ததை வைத்துத் திருத்துகிறேன். இது எனக்குப் பெரிய விடுதலை. செல்போன்கள் கேட்காமலேயே முகத்தை வெளுத்து, வழுவழுவென்று மெழுகித் தருவதைப் பார்க்கும்போது அந்தப் பென்சில் திரும்பி வந்துவிட்டதே என்று வயிறு எரிகிறது.

இருட்டும் இப்போது கைக்கு வந்திருக்கிறது. ஜூலை 13 இரவு, பிரெஞ்சு தேசிய தினத்துக்கு முந்தின நாள், ஓய்வுபெற்ற சொல்தாக்கள் விளக்குக் கூண்டு ஏந்தி ஊர்வலம் போவார்கள். மாமாவும் போவார். ஃபோக்காவில் அதை எடுக்கவே முடிந்ததில்லை. பிலிமின் வேகம் பற்றாது, ஃப்ளாஷ் போட்டால் விளக்கு செத்துவிடும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் உப்பளம் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி. இப்போது மாமாவும் அங்கேதான் இருக்கிறார். ஐஎஸ்ஓ 6400 வைத்து, கையில் பிடித்தபடியே, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என் அத்தையின் முகத்தை எடுத்தேன். அத்தை அந்தப் படத்தை வாங்கி ஹாலில் மாட்டியிருக்கிறார்.

எடுப்பது எளிதாகிவிட்டது. வைத்துக்கொள்வதுதான் பாடு. இந்த ஊர் அதை அறிந்த ஊர். 1955ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், அடுத்த வருடத்திலிருந்தே தென்னிந்தியக் கோவில்களைப் படமெடுத்துச் சேர்த்தார்கள். 1,35,000க்கும் மேற்பட்ட படங்கள். ஒவ்வொன்றுக்கும் ஊர், கோவில், சிற்பம் என்று அட்டை உண்டு. திருடுபோன சிலைகள் வெளிநாட்டு மியூசியங்களில் கண்டுபிடிக்கப்பட்டபோது, இது எங்கள் கோவிலில் இருந்தது என்று நிரூபித்தவை அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். அதே நிறுவனத்தில் ஸோயி ஹெட்லி என்னும் ஆய்வாளர், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு, தமிழ்நாட்டு, புதுச்சேரி ஸ்டுடியோக்களில் கிடந்த குடும்பப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கினார். எத்தனையோ ஸ்டுடியோக்களில் கண்ணாடி நெகட்டிவ்களைப் பழைய கண்ணாடியாக எடைக்குப் போட்டிருந்தார்கள். போட்டது போக மிஞ்சியவைதான் அவருக்குக் கிடைத்தன. 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெசோன் புதுச்சேரி வந்து, பல வருடங்களாக யாரையும் படமெடுக்க விடாத அரவிந்தரை எடுத்தார். அந்த டிசம்பரிலேயே அரவிந்தர் மறைந்தார். அந்த நெகட்டிவ்களை யாராவது அலட்சியமாக விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

அதனால் என் பொழுதுபோக்கின் பாதி இப்போது எழுத்து வேலை. ஒரு நடைக்கு நூறு படம் எடுத்தாலும் இரவே உட்கார்ந்து பத்தாகக் கழிக்கிறேன். தேதி, இடம், முடிந்தால் ஆள் பெயர். இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று மகள் வீட்டில், வேறு ஊரில். மாதம் ஒரு முறை நல்ல தாளில் பிரிண்ட் போட்டு, படத்தில் இருப்பவரிடமே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். துறைமுகத்தில் ஒரு இளைஞர், "போன்ல அனுப்பிடுங்க சார், இது எதுக்கு?" என்றார். அவர் அம்மா அதைப் பிடுங்கி முந்தானையில் துடைத்து, குடத்துக்குப் பின்னால் பத்திரமாகச் சொருகினார். போனுக்கும் அனுப்பினேன்.

ரோடியர் மில் 2020ல் மூடப்பட்டது. அந்தக் காலத்து நெகட்டிவ்களில் நூற்றுக்கணக்கான முகங்கள் பெயரில்லாமல் நிற்கின்றன. அவற்றைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, முதலியார்பேட்டை டீக்கடைக்கு எடுத்துப் போகிறேன். பழைய தொழிலாளர்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிவார்கள். போன வாரம் ஒரு பெரியவர் சைக்கிள் படத்தில் டிபன் கேரியர்காரரின்மேல் விரலை வைத்து, அவர் பெயர், வீடு இருந்த தெரு, எந்த டிபார்ட்மென்ட், எந்த ஷிப்ட் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதிக்கொண்டேன். தள்ளிக்கொண்டு வருகிறவரை அவருக்குத் தெரியவில்லை.

"ஸ்பின்னிங்ல இருந்தவன் மாதிரி இருக்கு. அரியாங்குப்பத்துல எங்க பழைய மேஸ்திரி இருக்காரு, அவரக் கேட்டா சொல்லிடுவாரு. இத நான் எடுத்துட்டுப் போறேன் தம்பி, நீங்க இன்னொண்ணு போட்டுக்குங்க" என்றார்.

நாளைக்கு அதே அளவில் இரண்டு பிரதி போட வேண்டும்.